‘வீடு’: எங்கள் வீடு லிண்டல் மட்டத்தில் நின்றபோது பார்த்த படம்

‘எத்தனை தரம் பார்த்தாலும் சலிக்காத பழைய தமிழ்ப்படம் எது, ஏன்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது பாலு மகேந்திராவின் ‘வீடு’. 1988இல் வந்த படம். முதல் தரம் பார்த்தபோது நான் அதில் பாதியில் நித்திரையாகிவிட்டேன். அதையும் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

அது 1998, இலங்கையின் வன்னிப் பகுதியில் இருக்கும் மல்லாவி. 1996இல் போரால் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து, தெரிந்தவர் ஒருவரின் காணிக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். வன்னிக்குள் அப்போது கரண்ட் இல்லை. படம் பார்ப்பதென்றால் ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெய்க்கு வீட்டுக்கு வீடு காசு சேர்க்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு எடுத்ததை ஒரு படத்தோடு விடுவார்களா? விடிய விடிய மூன்று, நாலு படம் ஓடும். எல்லோரும் கேட்ட படங்கள் முதலில். யாரும் கேட்காத கொப்பி விடியப்புறத்தில். ‘வீடு’ அப்படித்தான் வந்தது. பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. நான் பாயிலேயே சரிந்துவிட்டேன்.

இடையில் முழித்துப் பார்த்தேன். முற்றத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் எழும்பிப் போயிருந்தார்கள். அப்பப்பா மட்டும் சாக்கை விரித்துக் குந்தியபடி ரீவியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன படம் என்று கேட்டேன். “வீடு கட்டுற படம். நீ படு” என்றார். கிளிநொச்சியில் தான் கட்டிய வீட்டுக்கு அவர் பிறகு திரும்பவேயில்லை. அடுத்த வருசம் மல்லாவியிலேயே காலமானார்.

2010இல் நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது அந்த வீட்டில் அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். 2013இல், போரில் வீடிழந்தவர்களுக்கான இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கும் பெயர் வந்தது. இலங்கை ரூபாயில் 550,000, கட்டக் கட்டத் தவணையாகத் தருவார்கள், வேலையை நாங்களே பார்க்க வேண்டும். கல் அரிந்தோம், மண் பறித்தோம். முற்பணம் வாங்கிய மேசன் ஒருவர் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை. மழைக்காலத்தில் சீமெந்துப் பைகளைப் படங்கால் (தார்ப்பாயால்) மூடி, அதற்குப் பக்கத்திலேயே அம்மா படுப்பா. மாலையில் ஒருக்கால் எண்ணுவா, விடிய எழும்பியதும் இன்னொருக்கால் எண்ணுவா.

வீடு லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே வரும் விட்டம் வரைக்கும் எழும்பி நின்றபோதுதான், 2014 பெப்ரவரியில், பாலு மகேந்திரா இறந்த செய்தி வந்தது. அந்தக் கிழமை நண்பன் ஒருவன் பென் டிரைவில் ‘வீடு’ கொண்டுவந்து தந்தான். தகரக் கொட்டிலுக்குள் மடிக்கணினியை வைத்து அம்மாவும் நானும் பார்த்தோம்.

கதை சின்னது. சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால், வேலைக்குப் போகும் சுதா என்ற பெண் சொந்தமாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். தாத்தா இருக்கிறார், தங்கச்சி இருக்கிறாள், துணைக்கு ஒரு காதலன். கடன், அனுமதி, ஒப்பந்தக்காரர் என்று ஒவ்வொன்றாக அவளை அரித்துத் தின்கின்றன. அர்ச்சனா அந்தக் களைப்பை வசனத்தால் காட்டவில்லை. படம் போகப் போக முகம் காய்ந்துகொண்டே வரும், அவ்வளவுதான். அந்த நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது. சித்தாள் மங்கம்மா சீமெந்துக் களவைப் பிடிக்கும் இடத்தில் அம்மா கொட்டிலுக்குள் எழும்பியே நின்றுவிட்டா. “உவளை மாதிரி ஒராள் எங்களுக்கும் இருந்திருக்கலாம்” என்றா.

நான் உடைந்தது வேறு இடத்தில். சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, முடியாத வீட்டைப் பார்க்கத் தனியாக வருகிறார். பூசாத சுவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். அங்கே பேச்சே இல்லை. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பிலிருந்து எடுத்த இசைதான் இந்தப் படம் முழுக்கப் பின்னணி. அந்த இசையும் அந்த விரல்களும்! சாக்கில் குந்தியிருந்த அப்பப்பா அன்றைக்கு எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பதினாறு வருசம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

இந்தப் படத்தின் வித்து எங்கள் தீவில்தான் விழுந்தது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் பாலு மகேந்திரா. சின்ன வயதில் தன் அம்மா வீடு கட்டத் தொடங்கிய பிறகு அவருடைய சிரிப்பு இல்லாமல் போனதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். சென்னையில் நடக்கும் கதை வன்னிக் கொட்டிலுக்குள் இவ்வளவு பொருந்தியதற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

படமாக மட்டும் எடைபோட்டால் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) இதைவிட ஒரு படி மேல் என்பேன். சுந்தரவடிவேலு ஆற்றில் இறங்கும் முடிவைப் போல ஒன்றைத் தமிழில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஆனாலும் வருசத்துக்கு ஒருக்கால் கை போவது ‘வீடு’ படத்துக்குத்தான்.

அதன் மூல நெகட்டிவ் அழிந்துபோனதைப் பாலு மகேந்திராவே சொல்லி வருந்தியிருக்கிறார். அதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கலியாணப் போட்டோ, பிள்ளைகளின் போட்டோ எல்லாவற்றையும் பாதையில் விட்டுவிட்டு வந்த ஆட்கள் நாங்கள். நல்ல பிரதி எங்காவது யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.

இனிப் படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்துங்கள். அந்த நிலத்தைக் குடிநீர்த் திட்டத்துக்காக அரசு எடுத்துவிட்டது என்று கடைசியில் தெரியவருகிறது. வழக்கோடு படம் முடிகிறது. தீர்ப்பைக் காட்டுவதில்லை. அன்றிரவு திரை இருண்ட பிறகும் அம்மா எழும்பவில்லை. “அந்தப் பிள்ளைக்கு வழக்கு வெண்டதா?” என்று கேட்டா. படத்தில் சொல்லவில்லை அம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு டோர்ச்சை எடுத்துக்கொண்டு சீமெந்துப் பைகளைப் பார்க்க வெளியே போனா.