மூன்றாம் ஷை வேண்டாம், பிள்ளை கேட்பதைப் படிக்க விடுங்கள்

அம்மா, உங்கள் செய்தியை இரண்டு தரம் வாசித்தேன். உயர்தரப் பரீட்சையில் மகள் எடுத்த இசட் புள்ளி மருத்துவபீடத்துக்குக் காணாது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞானபீடம் கிடைக்கும் போலிருக்கிறது, அவளோ கலப்புறத் தாயத்தைப் பற்றித்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், நீங்கள் கொக்குவிலில் மூன்றாம் ஷைக்கு, அதாவது அந்தப் பரீட்சையை மூன்றாம் தரம் எழுத, ரியூசனும் பார்த்துவிட்டீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மூன்றாம் ஷை வேண்டாம்.

"வாயில் நுழையாத பாடம்" என்று எழுதியிருந்தீர்கள். அது என்னவென்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். உயிர்க்கலங்களை மட்டும் குவித்து வைத்தால் என்பும் வராது, தோலும் வராது. கலங்களே சுரந்து தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பின்னல்தான் இந்தத் தாயம். அதில் பெரிய ஆள் கொலாஜன், உடம்பிலுள்ள புரதத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தால்தான் புரிகள் நெருங்கி முறுகும். அந்த இடத்தில் வேறொன்று வந்துவிட்டால் சில பிள்ளைகளுக்குச் சின்ன அடிக்கே என்பு முறிந்துவிடுகிறது. முறுக்கு உறுதியாக நிற்க விற்றமின் சீ வேண்டும், அது இல்லாவிட்டால் பல் முரசில் இரத்தம் கசியும்.

முழங்காலை எடுங்கள். மூட்டில் என்பு முனைகளை மூடியிருக்கும் கசியிழையத்தில் அக்ரிகன் என்றொரு மூலக்கூறு இருக்கிறது, மறை ஏற்றம் நிறைந்த சங்கிலிகளால் தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். நுங்கை விரலால் அமத்திப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. அது பிதுங்கிப் போகாமல் கொலாஜன் இழைகள் கட்டி வைத்திருக்கின்றன. இந்த இரண்டும் சிதையத் தொடங்குவதைத்தான் நாங்கள் "முழங்கால் தேய்ந்துபோச்சு" என்கிறோம். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குச் சிறுநீரக வடிகட்டியின் அடித்தள மென்சவ்வு தடிக்கிறதே, அதுவும் தாயத்தின் கதைதான். இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: இன்னும் இன்னதென்று முடிவாகாத இளங்கலங்களை ஆய்வுகூடத்தில் மெதுமையான பரப்பில் வளர்த்தால் ஒரு பக்கமும், கடினமான பரப்பில் வளர்த்தால் என்புக் கலத்தின் பக்கமும் சாய்கின்றன. சுற்றியிருப்பதைத் தொட்டுப் பார்த்தே கலம் தன் வழியைத் தேர்கிறது.

கொலாஜனின் அந்த முப்புரி வடிவத்தை 1954இல் சொன்னவர்கள் மதராஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இராமச்சந்திரன் அங்கே பௌதிகவியல் பேராசிரியர், வைத்தியர் அல்ல. கங்காரு வாலின் நாணில் எடுத்த கொலாஜனை வைத்துத்தான் வேலை செய்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உடம்பைப் படிக்க மருத்துவபீடம் ஒன்றுதான் வாசல் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்துவிட்டோம்.

சரி, வேலைக்கு வருவோம். இந்தப் பாடத்தை மட்டும் படித்துவிட்டு யாழ்ப்பாணத்திலேயே ஆராய்ச்சி வேலை எடுப்பது கடினம், அதை மறைக்க மாட்டேன். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிற்காமல் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு அவள் முயல வேண்டும், உயிரியலோடு இரசாயனவியலையும் விடக்கூடாது, புள்ளிவிபரவியலும் ஆங்கிலமும் முதல் வருடத்திலிருந்தே வேண்டும். பிறகு கொழும்பு, பேராதனை அல்லது வெளிநாடு, மேற்படிப்புக்கு. வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்குப் பல இடங்களில் கொடுப்பனவோடு எடுப்பார்கள், வீடு ஈடு வைக்கத் தேவையில்லை. ஆனால் பிள்ளை தூரப் போகும். உங்கள் உண்மையான பயம் அதுதான் என்று உங்கள் எழுத்திலேயே தெரிந்தது, அதை அவளிடம் நேராகச் சொல்லுங்கள்.

பட்டம் முடிந்ததும் வைத்தியசாலை வேலைதான் வேண்டும் என்றால் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தையும் பாருங்கள், யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. ஈரல் துண்டுக்குச் சாயம் ஊட்டி, கொலாஜன் நீலமாக எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று பார்ப்பதும் இதே தாயம்தான். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விஞ்ஞானபீடத்துக்கு முன்னே அதைப் போடுவதா பின்னே போடுவதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். விருப்ப ஒழுங்கை நீங்கள் நிரப்பிக் கொடுக்காதீர்கள், பக்கத்தில் இருந்தால் போதும்.