அடுக்களை முதல் குலசாமி வரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்யாணமாகி 31 வருஷம் ஆகிறது. போன வருஷம் ஓய்வு பெற்றேன். "அம்மாவுக்கு ஒருநாளாவது தேங்க்ஸ் சொல்லியிருக்கீங்களாப்பா?" என்று மகள் கேட்டாள். போய்ச் சொன்னேன். "உடம்புக்கு முடியலையா?" என்கிறார் மனைவி. என்னதான் செய்வது?
– வாசகர், திருநகர்

பதில்: அவர் கேட்டதில் தப்பே இல்லை. நம் வீடுகளில் நன்றி என்பது மேடையில் சொல்லும் சொல். 31 வருஷம் கேட்காததைத் திடீரென்று கேட்டால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத்தான் தோன்றும். சொல்லை விடுங்கள், ஒரு வேலையை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள்.

முழுசாக என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஓய்வு பெற்றவர்கள் பலர் அடுக்களை வாசலில் நின்று "நான் ஏதாவது செய்யட்டுமா?" என்பார்கள். என்ன வேலை, எப்போது, சாமான் எந்த டப்பாவில் என்று யோசித்துச் சொல்வது அந்த அம்மாவுக்கு இன்னொரு வேலை.

இட்லி மாவை எடுத்துக்கொள்ளுங்களேன். 50 வயதுக்கு மேல் பெண்களுக்கு மாவாட்டுவதில் சிரமமே கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவதுதான். 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் முழு உளுந்து, 1 தேக்கரண்டி வெந்தயம். அரிசி 4 மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கும் வெந்தயத்துக்கும் ஒன்றரை மணி நேரம் போதும். உளுந்தை முதலில் போட்டு, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரை மணி நேரம் ஆட்டுங்கள். மொத்தமாக ஊற்றினால் மாவு பொங்காது. ஒரு சிட்டிகை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பதம், மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிஷம். அரிசியைச் சன்ன ரவைப் பதத்தில் வழித்து, உப்பு போட்டுக் கையால் கலக்குங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். மதுரைச் சித்திரை வெயிலில் 5, 6 மணி நேரத்திலேயே பொங்கி மேடையில் வழிந்துவிடும், அதைத் துடைப்பதும் உங்கள் கணக்கில்தான். மார்கழியில் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும்.

முதல் இரண்டு தடவை இட்லி கல்லாக வரலாம். அவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டால், உங்கள் நன்றி போய்ச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கூடவே மல்லிகை. சாயங்காலம் வாங்கும்போது மொட்டாகப் பார்த்து வாங்குங்கள், ராத்திரிதான் விரியும். விரிந்த பூவை விலை குறைவென்று வாங்கினால் வீடு சேருமுன் வாடிவிடும். தண்ணீர் தெளித்து பிளாஸ்டிக் பையில் கட்டினாலும் புழுங்கிப் பழுப்பேறும்; வாழையிலையில் மடித்துத் தரச் சொல்லுங்கள். மார்கழி, தை மாதங்களில் பனியால் வரத்துக் குறைந்து விலை எக்கச்சக்கமாக ஏறும், அப்போது அரை முழம் போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

"உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?" என்று யாராவது கேலி செய்தால் சிரித்துக்கொள்ளுங்கள். மீனாட்சி கோயிலில் தினமும் இரவு பள்ளியறை பூஜைக்குப் பல்லக்கேறி அம்மன் சன்னதிக்குப் போவது சுவாமியின் பாதுகைதான். இந்த ஊரில் வரவேண்டியவர் ஐயாதான்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். காலையில் அவசரமாக விளக்கேற்றினால் ஐந்து நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. "விளக்கு எரியாத வீடு" என்று அத்தை வருத்தப்படுகிறார். அபசகுனமா?
– வாசகி, வில்லாபுரம்

பதில்: அபசகுனம் இல்லை, அநேகமாக ஈரம். துலக்கிய விளக்கின் மூக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் திரி சடசடத்து நின்றுவிடும். புளி போட்டுத் துலக்கியதும் துணியால் துடைத்து, கவிழ்த்து, ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். வெள்ளிக்கிழமை துலக்கக் கூடாது என்று பெரியவர்கள் வியாழன் இரவே துலக்கியதில் இந்த வசதியும் இருக்கிறது.

அடுத்தது திரி. காய்ந்த திரியை அப்படியே கொளுத்தினால் பஞ்சுதான் கருகும், எண்ணெய் ஏறாது. நல்லெண்ணெயில் முழுக்க நனைத்துப் பிழிந்து, நுனி கால் அங்குலம் மட்டும் வெளியே நிற்கிற மாதிரி வையுங்கள். தடித்த திரி மூக்கை அடைத்துக்கொள்ளும். நேற்றைய கரி மிதக்கும் எண்ணெய் மேல் புது எண்ணெய் ஊற்றாதீர்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் நின்றால், மேலே ஃபேன் ஓடுகிறதா பாருங்கள்.

காலை நேரத்தை விட்டுவிடுங்கள். கவனிக்க ஆள் இல்லாமல் விளக்கு எரியவும் கூடாது. கிளம்புமுன் திரியை எண்ணெய்க்குள் இழுத்துக் குளிர வைக்க வேண்டியிருக்கும். சாயங்காலம் 6 மணி விளக்கை அத்தை பொறுப்பில் கொடுங்கள். வியாழன் இரவு துலக்குவது உங்கள் கணவர் வேலை. வாரத்துக்கான ஏழு திரியைப் பிள்ளைகள் பாட்டியோடு உட்கார்ந்து திரிக்கட்டும். அவருடைய வருத்தம் விளக்கைப் பற்றியது மட்டும்தானா என்பது எங்களுக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பவருக்கு, ஆறு மணிக்குத் தன்னை எதிர்பார்த்து ஒரு வேலை இருக்கட்டுமே.

கேள்வி: மருமகள் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். பூஜை அலமாரியில் மாதா படம் வைக்கலாமா என்று கேட்கிறாள். என்ன சொல்ல?
– வாசகி, ஞானஒளிவுபுரம்

பதில்: கேட்டுவிட்டுச் செய்கிற மருமகள் கிடைத்திருக்கிறார், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே அலமாரியில் திணிப்பதைவிட அவருக்கென்று ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுங்கள். அவர் மெழுகுவத்தியும் ஜெபமாலையும் வைக்க இடம் வேண்டுமே. தகராறு பெரும்பாலும் சாமியால் வருவதில்லை, சமையலால்தான் வரும். காலண்டரில் உங்கள் புரட்டாசிச் சனிக்கிழமைகளையும், அவருடைய தவக்கால வெள்ளிக்கிழமைகளையும் இரண்டு நிற மையில் குறித்து அடுக்களையில் மாட்டுங்கள். அந்த நாட்களில் வீட்டில் கறி கிடையாது என்று இருவரும் ஒத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராது. பேரப்பிள்ளை எந்தச் சாமியைக் கும்பிடும் என்பதை மட்டும் அது பிறப்பதற்கு முன்பே மகனும் மருமகளும் பேசி முடிவு செய்யட்டும். அந்தப் பேச்சில் நீங்கள் உட்கார வேண்டாம்.

கேள்வி: எங்கள் குலசாமி கோயில் உசிலம்பட்டிப் பக்கம். எட்டு வருஷமாகப் போகவில்லை. இந்தச் சிவராத்திரிக்கு எல்லாரும் போகிறோம். நான் மாவிளக்கு பிடித்தால் வெடித்துவிடுகிறது. சாமி கோபமா என்று நாத்தனார் கேட்கிறார்.
– வாசகி, சென்னை (சொந்த ஊர் செக்கானூரணி)

பதில்: நாத்தனாரிடம் சொல்லுங்கள், அரிசி மாவு அதிகமாகக் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடை அரிசி மாவில் மாவிளக்கு வராது. கால் கிலோ பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை நன்றாக வடித்து, நிழலில் வேட்டித் துணியில் பரப்புங்கள். அரை மணி கழித்து ஒரு பிடி அள்ளுங்கள். கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது, அரிசி மட்டும் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஈரத்தோடேயே மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். முழுக்கக் காய்ந்துவிட்டால்தான் வெடிப்பு.

துருவிய மண்டை வெல்லம் 175 கிராம், ஏலக்காய் 3, ஒரு சிட்டிகை சுக்கு. பாகு காய்ச்ச வேண்டாம். மாவிலுள்ள ஈரமே வெல்லத்தை இளக்கும். பிசையப் பிசையத்தான் சேரும். முதல் இரண்டு நிமிஷம் உதிரியாக இருக்கிறதே என்று தண்ணீர் தெளித்தீர்களானால் கூழாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் கொஞ்சம் மாவு சேர்த்துச் சரிசெய்யலாம், அதனால் ஒரு கைப்பிடி மாவைத் தனியாக எடுத்து வைத்திருங்கள். கடைசியில் ஒரு தேக்கரண்டி நெய்.

எலுமிச்சை அளவைவிடப் பெரிதாக உருட்டி, கட்டைவிரலால் குழி போடுங்கள். குழி ஆழமானால் அடி மெலிந்து நெய் கசியும். விரல் நகம் மறையும் ஆழம் போதும். திரியை வீட்டிலேயே நெய்யில் நனைத்து டப்பாவில் எடுத்துப் போங்கள். சென்னையில் பிடித்துக்கொண்டு கிளம்பாதீர்கள், பயணத்தில் புளிக்கும். செக்கானூரணியில் சொந்தக்காரர் வீட்டில் அன்று பிடியுங்கள். வேகாத ஈர மாவு என்பதால் விளக்கு மலையேறியதும் அன்றே பங்கிட்டுச் சாப்பிட்டுவிட வேண்டும்.

எட்டு வருஷம் விட்டதற்குத் தனிப் பரிகாரம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பங்காளிகளுக்கு முன்கூட்டியே போன் செய்து இந்த வருஷ வரி எவ்வளவு என்று கேளுங்கள்; விட்ட வருஷங்களுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டால் பூசாரியும் பங்காளிகளும் நிம்மதியாக இருப்பார்கள். மொட்டை, காதுகுத்து பாக்கியிருக்கும் பிள்ளைகள் இருந்தால் அதையும் அந்த போனிலேயே சொல்லிவிடுங்கள். சிவராத்திரி அன்று கூட்டத்தில் தாய்மாமனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.