ஜகார்த்தாவில் சாப்பிடுவதும் குடிப்பதும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: கணவரின் பணி மாற்றலால் தெற்கு ஜகார்த்தாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறியிருக்கிறோம். இங்குள்ள வெளிநாட்டு நண்பர்கள், தெருவோரக் கடைகளின் பக்கமே போகாமல் மால்களில் மட்டும் சாப்பிடுமாறு எச்சரிக்கிறார்கள். அது சரிதானா?

பதில்: நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அறிவுரைதான் என்றாலும், அதை முழுமையாகப் பின்பற்றினால் அந்த ஊரின் சமையலை அறியாமலேயே நீங்கள் பணிக்காலத்தை முடித்துக்கொண்டு திரும்ப நேரும் என்பதால், அதை என்னால் ஏற்க முடியவில்லை. வெயிலுக்கும் நெரிசலுக்கும் ஒதுங்க அந்நகர மக்களும் மால்களுக்குத்தான் போகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் அன்றாடம் அவர்கள் பசியாறும் இடம் 'வாருங்' எனப்படும் சிறு கடை.

அவற்றில் நீங்கள் முதலில் போக வேண்டியது 'வார்தெக்'. மத்திய ஜாவாவின் தெகால் பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் நடத்தத் தொடங்கிய சாப்பாட்டுக் கடைகள் இவை. கண்ணாடிக்குப் பின்னால் பொரியல், வறுவல், குழம்பு, முட்டை, மீன் என்று தட்டுத் தட்டாக வைத்திருப்பார்கள். மொழி தெரியாதவர்கள்கூட விரலால் சுட்டிக் காட்டினால் போதும். சோற்றின் மேல் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு எதை எதைச் சாப்பிட்டோம் என்று நாமே சொல்ல, கடைக்கார அம்மா மனக்கணக்கில் தொகையைச் சொல்லும் அந்த நம்பிக்கையை நான் மிகவும் மதிக்கிறேன். அலுவலக ஊழியரும், கட்டடத் தொழிலாளியும், 'ஓஜெக்' எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிளை ஓட்டுபவரும் ஒரே நீளப் பலகையில் அருகருகே அமர்ந்து சாப்பிடுவதை அங்கேதான் பார்க்கலாம். கடைக்கார அம்மாவை 'இபு' என்றும், பரிமாறும் இளைஞரை 'மாஸ்' என்றும், இளம்பெண்ணை 'ம்பாக்' என்றும் அழையுங்கள். இரண்டாம் முறை போகும்போதே உங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அடுத்தது படாங் உணவகம். மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடைய சமையல் இது. தேங்காய்ப் பாலில் நீர் வற்றும் வரை சமைக்கும் இறைச்சிக் கறியான ரெண்டாங் உலகப் புகழ் பெற்றதும் இவர்களால்தான். பெரிய படாங் உணவகங்களில் நீங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே பத்துப் பன்னிரண்டு சிறு தட்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டு வந்து மேசையை நிரப்பிவிடுவார்கள். புதிதாக வருபவர்கள் இதைக் கண்டு திகைத்துப்போகிறார்கள். தொட்ட தட்டுக்கு மட்டுமே பணம். தொடாதவை அப்படியே திரும்பிப் போகும். கிண்ணத்தில் வைக்கப்படும் தண்ணீர் கை கழுவுவதற்கானது, குடிப்பதற்கானதன்று. வலக்கையால் பிசைந்து சாப்பிடுவதே அங்கு இயல்பு என்பதால், மற்ற வெளிநாட்டவர் தயங்கும் இடத்தில் நமக்குத் தயக்கமே தேவையில்லை.

வயிற்றைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. குழாய்த் தண்ணீரை அந்நகரத்தார் யாரும் அப்படியே குடிப்பதில்லை. 19 லிட்டர் 'காலோன்' குடுவைகளைத்தான் பெரும்பாலான வீடுகளில் வாங்கிவைக்கிறார்கள். கடைகளில், நடுவில் துளையுள்ள உருளை வடிவப் பனிக்கட்டி ஆலையில் செய்யப்பட்டது. பெரிய பாளத்திலிருந்து உடைத்த பனிக்கட்டியை முதல் சில மாதங்களுக்குத் தவிர்த்துவிடுங்கள். கூட்டம் மிகுந்த கடையாகப் பார்த்து, புதிதாகச் சமைத்து அடுக்கும் முற்பகலில் போனால் பெரும்பாலும் தொல்லை வராது.

கேள்வி: நான் சைவம், முட்டையும் உண்பதில்லை. ஜகார்த்தாவில் என்னால் வெளியே சாப்பிட முடியுமா?

பதில்: முடியும், ஆனால் கேள்வி கேட்கக் கூச்சப்படக் கூடாது. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழியும் மீனும் வந்து சேரும். அவற்றைத் தனி வகையாகக் கருதுவது அங்கு பொதுவான வழக்கம். அதைவிடப் பெரிய சிக்கல் 'தெராசி' எனப்படும் புளிக்கவைத்த இறால் விழுது. கண்ணுக்குத் தெரியாமல் சம்பலிலும், காய்கறிக் குழம்புகளிலும், சில கடைகளில் வேர்க்கடலைச் சாந்திலும்கூட அது கலந்திருக்கும். 'தன்பா தெராசி, தன்பா ஊடாங், தன்பா இக்கான், தன்பா ஆயாம், தன்பா தெலூர்' என்று விழுது, இறால், மீன், கோழி, முட்டை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்குங்கள். படாங் கடைகளில் மரவள்ளிக் கீரையும் பலாக்காய்க் குழம்பும் கிடைத்தாலும், இறைச்சிக் குழம்பை அவற்றின் மேல் ஊற்றித் தருவது வழக்கமாதலால், கண்டிப்பான சைவர்கள் அங்கே விலகி நிற்பதே நல்லது.

இவ்வளவு தடைகளையும் ஈடுசெய்வது தெம்பே. வேகவைத்துத் தோல் நீக்கிய சோயா மொச்சையில் ஒருவகைப் பூஞ்சணத்தைக் கலந்து ஓரிரு நாள் வைத்திருந்தால், வெண்ணிற இழைகள் படர்ந்து மொச்சைகளைக் கெட்டியான பாளமாகப் பிணைத்துவிடும். ஜாவா மக்கள் உலகுக்குக் கொடுத்த அருமையான புரத உணவு இது என்று உறுதியாகச் சொல்வேன். மெல்லிய துண்டுகளாகப் பொரித்தும், பனைவெல்லமும் மசாலாவும் சேர்த்து வேகவைத்தும் தருவார்கள்; பொரித்ததை வாங்கும்போது எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். வேகவைத்த காய்கறிகளை வேர்க்கடலைச் சாந்தோடு தரும் காடோ-காடோவை, சாந்தைக் கண்முன்னே அரைத்துத் தரும் கடையில் வாங்கினால், முட்டையையும் இறால் அப்பளத்தையும் நீக்கச் சொல்ல வாய்ப்பிருக்கும். பௌத்த மரபைச் சார்ந்த சீனச் சைவ உணவகங்களும் நகரில் உண்டு. நம் பருப்பு, மசாலா வகைகளுக்கு, இந்திய வணிகர்கள் நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கும் பசார் பாரு கடைவீதிக்குப் போகலாம்.

கேள்வி: ரமலான் மாதத்தில் அலுவலக நண்பர்கள் நோன்பு திறக்க அழைக்கிறார்கள். முஸ்லிம் அல்லாத நான் போகலாமா?

பதில்: தவறாமல் போங்கள், அழைப்பை மறுத்தால்தான் வருந்துவார்கள். மக்ரிப் பாங்கு ஒலிக்கும் வரை நீங்களும் காத்திருந்து, பேரீச்சையோ, வாழைப்பழமும் சர்க்கரைவள்ளியும் தேங்காய்ப் பாலில் வெந்த கோலாக்கோ முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாதத்தில் பகலில் திறந்திருக்கும் வார்தெக்குகள் கண்ணாடியைத் திரையால் மறைத்திருக்கும்; உள்ளே சாப்பிடத் தடையில்லை. பெருநாளையொட்டிக் கடைக்காரர்களும் வீட்டுப் பணியாளர்களும் சொந்த ஊருக்குப் போய்விடுவதால், ஒரு வாரத்துக்கான மளிகையை முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

கேள்வி: அங்கே மக்கள் என்ன குடிக்கிறார்கள்? மது கிடைக்குமா?

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். சில உணவகங்களிலும் பெரிய பேரங்காடிகளிலும் கிடைக்கும். 2015 ஏப்ரல் முதல் தெருமுனைச் சிற்றங்காடிகளில் பீர் விற்க அரசு தடை விதித்தது. நகரத்தின் பானங்களோ தேநீரும் காப்பியும்தான். தூளைக் குவளையிலேயே போட்டு வெந்நீர் ஊற்றும் 'கோப்பி துப்ருக்'கை மண்டி அடியில் தங்கும் வரை பொறுத்திருந்து குடிக்க வேண்டும். பனைவெல்லம் சேர்த்த குளிர்ந்த பால் காப்பி கடந்த பத்தாண்டுகளில் இளைஞர்களிடையே பெரிதும் பரவிவிட்டது. வெந்நீர்க் குடுவையும் காப்பித்தூள் பொட்டலங்களுமாகச் சைக்கிளில் வரும் வியாபாரிகளை நகர மக்கள் அன்போடு 'ஸ்டார்லிங்' என்கிறார்கள். சுற்றிவரும் ஸ்டார்பக்ஸ் என்று பொருள். மஞ்சளும் புளியும், அல்லது அரிசியும் கச்சோலமும் சேர்த்துச் செய்யும் 'ஜாமு'வையும் தேடிக் குடியுங்கள். 2023இல் யுனெஸ்கோ அதை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தேநீர் ஜகார்த்தாவில் பெரும்பாலும் சர்க்கரை இல்லாமல் வரும், பல கடைகளில் சாப்பாட்டோடு இலவசமாகவே வரும். ஜாவாவின் நடுப்பகுதி நகரங்களான யோக்யகர்த்தா, சோலோ பக்கம் போனால் கேட்காமலேயே நன்றாக இனிப்புச் சேர்த்துத் தருவார்கள் என்பதால், வேண்டாதவர்கள் 'தே தாவார்' என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.