மாமா கொண்டு வந்த நீலம்

கேள்வி: வீட்டில் கேக் செய்வது எனக்கு உயிர். ஆனால் மாம்பழ கேக் மட்டும் நடுவில் களி மாதிரி நிற்கிறது. டின்னில் வரும் மாம்பழக் கூழைத்தான் ஊற்றுகிறேன். மாமனார் குடியாத்தம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நீலம் மாம்பழம் கொண்டு வருவார். அதில் வண்டு இருக்கும் என்று வேலைக்கார அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். “பழம் எப்படிம்மா இருந்துச்சு?” என்று போனில் கேட்பார். “நல்லா இருந்துச்சு மாமா” என்பேன். கேக் சரியாக வர என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: கேக்கை முதலில் முடித்துவிடுவோம், அது சின்ன விஷயம். கூழில் தண்ணீர் அதிகம். அடிகனமான பாத்திரத்தில் சின்னத் தீயில் கிளறிப் பாதியாகச் சுண்டவைத்து, ஆறியபின் சேருங்கள். ஒரு கப் மைதாவுக்கு அரை கப் போதும். டின் கூழில் பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்கும். அதற்கேற்பக் குறைத்துப் போடுங்கள். அடுப்புச் சூட்டில் மாம்பழ வாசனை பாதி போய்விடும். அதனால் கேக் ஆறியதும் மேலே பச்சையாக நாலு துண்டு வையுங்கள்.

சரி, அந்த நாலு துண்டுக்கு எங்கே போவீர்கள்? வீட்டுக்கு வந்த பழத்தைத்தான் கொடுத்தனுப்பிவிட்டீர்களே!

உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது அந்தப் பொய்தான். வயசான மனுஷன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, வேலூர் புதிய பஸ் நிலையத்தில் இறங்கி, மறுபடி டவுன் பஸ் பிடித்து வந்து வைக்கிறார். ஒரு பழத்தைக்கூட வெட்டிப் பார்க்காமல் “நல்லா இருந்துச்சு மாமா”! மரம் வைத்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்? எந்த மரத்துப் பழம் இனித்தது என்று ஒருநாளாவது சொல்லியிருக்கிறீர்களா?

வேலைக்கார அம்மாவுக்குக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் வண்டுப் பழம் என்று நினைத்துத் தள்ளிவிட்டு, அதைக் கொடை என்று கணக்கு எழுதாதீர்கள்.

வண்டு விஷயம் இதுதான். பிஞ்சிலேயே தாய் வண்டு முட்டை வைத்துவிடும். புழு கொட்டைக்குள் போய்விடும், வந்த வழியில் சதை ஆறி மூடிவிடும். கொட்டையைத் தொடாமல் இரண்டு பக்கமும் கதுப்பை மட்டும் சீவி எடுத்தால் பெரும்பாலும் சதை சுத்தமாகவே இருக்கும். வண்டு துளைத்து வெளியே வந்த கறுப்புத் தடம் தெரிந்தால் அந்தப் பழத்தை ஒதுக்குங்கள், மூட்டையையே ஒதுக்காதீர்கள். மல்லிகா என்று ஆசையாக வாங்குகிறோமே, அந்தக் கலப்பு ரக மாம்பழத்துக்குத் தாய் இந்த நீலம்தான். நார் இல்லாத பழம். டின் கூழை விட உங்கள் கேக்குக்கு இது எத்தனையோ மேல்.

அப்புறம், உங்கள் வீட்டுக்காரரையும் விடுவதாக இல்லை. அவருடைய அப்பாதானே? சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் மூட்டையைத் தூக்கி வர அவருக்கு என்ன கேடு? மாமனார் மருமகளுக்குச் சுமப்பதும், மகன் சோபாவில் போன் பார்ப்பதும் எந்த ஊர் நியாயம்?

ஆனி முடியும்போதுதான் நீலம் ருசியாக இருக்கும், இன்னும் நாள் இருக்கிறது. அடுத்த முறை மாமனார் வந்தால் வெறும் காபியோடு அனுப்பாதீர்கள். பழத்தை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, அவர் முன்னாலேயே சீவி, தயிர்சாதத்தோடு வையுங்கள். கிளம்பும்போது கேக்கும் கட்டிக் கொடுங்கள், மாமியாருக்குச் சர்க்கரை இருந்தால் சின்னத் துண்டாக.