எங்கள் கிளப் மேனேஜரை நீக்கியதும் கேக் வெட்டிக் கொண்டாடினேன், நண்பன் திட்டுகிறான். இதில் என்ன தவறு?

கேள்வியைப் பார்த்துவிட்டு கடந்து போகத்தான் நினைத்தேன், முடியவில்லை. எந்த கிளப் என்று நீங்கள் சொல்லவில்லை. ராத்திரி பன்னிரண்டரை மணி மேட்சுக்குக் கண் விழிப்பதாக எழுதியிருப்பதைப் பார்த்தால் இங்கிலாந்து கிளப்தான், அநேகமாக மான்செஸ்டர் யுனைடெட். அப்படியென்றால் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 2013-ல் ஃபெர்குசன் ஓய்வு பெற்ற பிறகு அந்த ரசிகர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆறு வருட ஒப்பந்தத்தோடு வந்த மோயஸ் பத்து மாதத்தில் போனார். வான் கால் 2016-ல் எஃப்ஏ கோப்பையை ஜெயித்த ரெண்டாவது நாள் போனார். அப்புறம் மொரீனியோ, சோல்ஷர், டென் ஹாக். ஒவ்வொரு தடவையும் இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி ஏமாந்த பையன்கள் எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள்.

மேனேஜர் போனதில் நீங்கள் சந்தோஷப்பட்டது தப்பில்லை. கேக் வெட்டியது தப்பு. உங்கள் நண்பர் சொன்னது சரி. இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள், அதனால் என் கதையைச் சொல்கிறேன்.

நான் வியாசர்பாடி. துறைமுகத்தில் சரக்கு எண்ணிக்கை எழுதுகிற வேலை. எங்கள் பேட்டையைக் குட்டி பிரேசில் என்று பேப்பரில் எழுதுவார்கள், அதில் எனக்குப் பெருமைதான், ஆனால் அந்தப் பெயர் வருவதற்கு முன்பே இங்கே பையன்கள் வெறுங்காலில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். என்னுடைய கிளப் சென்னையின் எஃப்சி, இந்தியன் சூப்பர் லீக்கில், அதாவது ஐஎஸ்எல்லில், ஆடுகிற டீம். ஐஎஸ்எல் எல்லாம் ஒரு ஃபுட்பாலா, அதையும் யுனைடெட்டையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறாயா என்று கீழே யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். 2015 டிசம்பரில் எங்கள் வீட்டில் முழங்கால் வரை தண்ணீர், கணேசபுரம் சப்வே பக்கம் போகவே முடியவில்லை. ஊரே வெள்ளத்தில் கிடந்ததால் எங்கள் செமிஃபைனலைப் புனேவுக்கு மாற்றினார்கள். மேல்மாடி வீட்டில் பதினைந்து பேர் ஒரு டிவியைச் சுற்றி உட்கார்ந்து, கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்ததைப் பார்த்தோம். அடுத்த வாரம் கோவாவில் ஃபைனல், கடைசி நிமிஷங்களில் ரெண்டு கோல் விழுந்து 3-2 என்று ஜெயித்தோம். துணி, அரிசி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போன மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி அது. அப்போது மேனேஜர் மடேராசி, 2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஜிடான் யார் நெஞ்சில் முட்டினாரோ, அவர். அப்படி ஒட்டிக்கொண்டது, விடவில்லை.

அவர் 2017-ல் போனபோது எனக்கு வருத்தம். வந்தவர் ஜான் கிரிகோரி, ஒரு காலத்தில் ஆஸ்டன் வில்லா மேனேஜராக இருந்த இங்கிலாந்துக்காரர். முதல் சீசனிலேயே கப் வாங்கிக் கொடுத்தார். 2018 மார்ச், நேரு ஸ்டேடியத்தில் கோவாவுடன் செமிஃபைனல். மூன்று கோலில் ஒன்று தனபால் கணேஷ் போட்டது. எங்கள் வியாசர்பாடிப் பையன். அந்த கோல் விழுந்தபோது பக்கத்திலிருந்த மாஸ்டர் என் தோளைப் பிடித்த பிடி ரெண்டு நாள் வலித்தது. நாலு நாள் கழித்து பெங்களூரு டீமோடு ஃபைனல், அவர்கள் கிரவுண்டிலேயே, ஒன்பதாவது நிமிஷத்தில் அவர்களுடைய சேத்ரி கோல் போட்டும் நாங்கள் 3-2. எங்கள் மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டிய ரெண்டு கோலும் இப்போதும் என் போனில் இருக்கின்றன.

மாஸ்டர் யார் என்று சொல்லவில்லையே. எனக்கும் எங்கள் தெருவில் முப்பது நாற்பது பேருக்கும் பந்து சொல்லிக்கொடுத்தவர். பெரம்பூர் பக்கம் லேத் பட்டறையில் வேலை. காலை ஐந்தரைக்குக் கிரவுண்டில் விசில் சத்தம் கேட்கும், ஏழரைக்கு அப்படியே சைக்கிளில் பட்டறைக்குப் போய்விடுவார். ஊறவைத்த கொண்டைக்கடலையை ஒரு தூக்கில் கொண்டுவந்து எல்லோருக்கும் ஒரு கைப்பிடி கொடுப்பார். பிய்ந்த பந்தை ராத்திரி உட்கார்ந்து தைத்துக்கொண்டு வருவார். எங்களிடம் ஒரு ரூபாய் வாங்கியதில்லை.

2003-ல் எங்கள் டீமுக்கு ஒரு ஸ்பான்சர் கிடைத்தது. கம்பெனி பெயர் வேண்டாம். ஜெர்சி, பூட்ஸ், வெளியூர் டோர்னமென்டுக்கு வண்டிச் செலவு எல்லாம் தருகிறோம் என்றார்கள். ஒரே நிபந்தனை, கோச்சிங் சர்டிஃபிகேட் வைத்திருக்கிற ஆள்தான் கோச்சாக இருக்க வேண்டும். மாஸ்டரிடம் அது இல்லை. டீக்கடையில் பதினாறு பேர் உட்கார்ந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பூட்ஸ் இல்லாமல் ஆடிய பையன்கள், யாரைக் குறை சொல்வது? நான் கேப்டன். நீயே போய்ச் சொல்லிவிடு என்றார்கள்.

சாயங்காலம் பட்டறையிலிருந்து வரும் வழியில் நிறுத்தி, காதோடு காதாகத்தான் சொன்னேன். அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார். கழுத்தில் கயிற்றோடு கிடந்த விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பந்து மூட்டை வீட்டில் இருக்கு, காலையில வந்து எடுத்துக்க என்றார். அவ்வளவுதான். அப்புறம் எங்கள் மேட்ச் நடக்கும்போது உள்ளே வரமாட்டார், காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே சைக்கிளில் உட்கார்ந்தபடி பார்ப்பார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதிதாக வந்த கோச் மோசமானவர் இல்லை. டிஃபன்ஸில் எப்படி நிற்க வேண்டும் என்று எங்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அந்த வருஷம் ஒரு டோர்னமென்டும் ஜெயித்தோம். எட்டு மாதத்தில் கம்பெனி கையை விரித்தது, அவரும் போய்விட்டார், டீமும் உடைந்தது, அது வேறு. ஆகவே கோச்சை மாற்றுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. மாற்ற வேண்டிய நேரம் வரும்.

இனி 2019. முந்தைய சீசனில் கப் வாங்கிய அதே கிரிகோரியின் கீழ் கடைசி இடத்துக்கு வந்தோம், 18 மேட்சில் 9 புள்ளி. அப்போதும் அவரை வைத்துக்கொண்டார்கள். அடுத்த சீசன் முதல் நாலு மேட்சில் ஒரு கோல்கூட இல்லை. தீபாவளி அன்று வீட்டில் எல்லோரையும் விட்டுவிட்டு மும்பை மேட்சுக்குப் போனேன், 0-0. மூன்று நாள் கழித்துக் கொல்கத்தா மேட்ச். அன்றைக்கு மாஸ்டரையும் கூட்டிப்போனேன், டிக்கெட் நான்தான் எடுத்தேன். இந்தப் பதினாறு வருஷத்தில் பழைய விஷயத்தை அவர் ஒரு தடவைகூடப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. ரெண்டாம் பாதி ஆரம்பித்ததும் கொல்கத்தாவின் டேவிட் வில்லியம்ஸ் கோல் போட்டார். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று கிரிகோரியைப் பார்த்துக் கத்தினேன். போய்யா, ஊருக்குப் போய்ச் சேரு, வயசாகிப்போச்சு உனக்கு. இன்னும் சில வார்த்தைகள் உண்டு, இங்கே எழுத முடியாது. சுற்றியிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள், எனக்கு இன்னும் வேகம் வந்தது.

மாஸ்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "எனக்குக் காதுல சொன்ன. இந்த ஆளுக்கு மைக் வெச்சா மாதிரி சொல்ற. இன்னாடா பண்ணான் அவன்? கப்பு குடுத்தான்."

மீதி மேட்ச் எனக்குக் கண்ணில் பதியவில்லை. 0-1. திரும்பி வரும்போது அவரும் பேசவில்லை. மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸுக்கு ஓடியும் லோக்கலைப் பிடிக்க முடியவில்லை, அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தது, அவருக்கு முழங்கால் வலி, சரி என்று ஆப்பில் ஆட்டோ போட்டேன். இதை இங்கே சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன். வியாசர்பாடி என்று பார்த்ததும் மூன்று ஆட்டோ கேன்சல். நாலாவது ஆள் போன் பண்ணி, சார் அந்தப் பக்கம் நைட்ல வரமாட்டேன் என்கிறார். அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிறார், இவர்களுக்கு எங்கள் பேட்டை என்றால் கத்தியும் ரவுடியும்தான். அடையாறு என்று போட்டிருந்தால் ரெண்டு நிமிஷத்தில் வந்திருக்கும். காலையில் எங்கள் கிரவுண்டுக்கு வந்து பாருங்கள், எட்டு வயதுப் பெண் பிள்ளைகள் எப்படி டிரிப்பிள் பண்ணுகிறார்கள் என்று. எத்தனை வருஷம் ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் தணியாது. கடைசியில் அடுத்த லோக்கலில்தான் போய் ஜீவா ஸ்டேஷனில் இறங்கினோம்.

நவம்பர் 25, ஹைதராபாத் மேட்ச். மாஸ்டர் வரவில்லை, நான் தனியாகப் போனேன். தொண்ணூறு நிமிஷம் வரை ஒன்றுமில்லை. இஞ்சுரி டைமில் எங்கள் ஷெம்ப்ரி கோல், சீசனின் முதல் கோல். உடனே அவர்கள் சமன் செய்தார்கள். அதற்கும் பிறகு எங்கள் வால்ஸ்கிஸ். 2-1. பக்கத்திலிருந்தவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. ஐந்தே நாளில், 30-ஆம் தேதி, கிரிகோரி விலகினார் என்று செய்தி. நான் ஷெட்டில் கன்டெய்னர் எண் எழுதிக்கொண்டிருந்தேன். ரசிகர் வாட்ஸாப் குழுவில் பட்டாசுப் படம், ஆடுகிற பொம்மை, ஒருவர் நிஜமாகவே கேக் வாங்கி அதில் பை பை என்று எழுதி வெட்டியிருந்தார். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கேக்தான். நான் 2018 கப் படத்தை மட்டும் போட்டேன், ஒரு வார்த்தை எழுதவில்லை. நீ கிளப் ஆளா, கோச் ஆளா என்று திட்டினார்கள். குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

கோடிக்கணக்கில் நஷ்டஈடு வாங்கிக்கொண்டுதானே போகிறார்கள், இதில் என்ன பாவம் என்று இங்கே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். பணம் வாங்குகிறார்கள், உண்மைதான். நாங்கள் மாஸ்டருக்கு ஒரு சால்வைகூடப் போடவில்லை. ஆனால் எவ்வளவு கொடுத்திருந்தாலும் அவர் சுவருக்கு வெளியேதானே உட்கார்ந்திருப்பார்? கிரிகோரிக்குத் தமிழ் தெரியாது, உன் சத்தம் அவருக்கு எங்கே கேட்டது என்றும் கேட்பீர்கள். பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் நான் கிரிகோரி பக்கம் சாய்ந்து பேசுவதாக நினைப்பீர்கள். அவருக்குப் பதிலாக வந்த ஓவன் கோய்ல், கீழே கிடந்த டீமை நாலாவது இடத்துக்குக் கொண்டுவந்து, செமிஃபைனலில் கோவாவை ரெண்டு மேட்ச் கோலையும் சேர்த்து 6-5 என்று தாண்டி ஃபைனல் வரை கூட்டிப்போனார். 2020 மார்ச் 14, கொரோனா பயத்தில் காலி ஸ்டேடியம், கொல்கத்தாவிடம் 1-3. மாற்றியது சரியான முடிவு, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த சீசன் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் போனார். நேற்று வரை கோய்லைக் கும்பிட்டவர்கள் துரோகி என்றார்கள். 2023-ல் அவர் திரும்பி வந்தபோது அதே ஆட்கள் வரவேற்பு போஸ்டர் போட்டார்கள்.

இடையில் 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 வாங்கியதும் அப்போதைய கோச் பாண்டோவிச்சை அனுப்பிவிட்டு, மிச்ச மேட்சுகளுக்கு சபீர் பாஷாவை உட்கார வைத்தார்கள். நம்ம ஊர் ஆள், இந்தியன் பேங்குக்கு ஆடியவர், இந்தியாவுக்கு ஆடியவர். மாஸ்டருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். சீசன் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து பிர்டாரிச் வந்தார். அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நம்ம ஆள் என்றால் எப்போதும் இடைக்காலம்தானா? ஒரு முழு சீசன் கொடுத்துப் பார்த்தால் என்ன? இதைக் கேட்டால் உணர்ச்சிவசப்படாதே என்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கேக் வெட்டிய படத்தை இன்னும் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். நண்பரோடு சண்டை வேண்டாம், அவர் அந்த மேனேஜரை உங்களைவிட அதிகமாக நேசித்திருக்கலாம், இல்லை என்னைப் போல அவருக்கும் ஏதாவது இருக்கலாம்.

கிரிகோரி போன செய்தி வந்த அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து நேராக மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அந்த விசில் என்னிடம்தான் இருந்தது, பதினாறு வருஷமாக அலமாரியில், பித்தளை கறுத்துப் போயிருந்தது. புளி போட்டுத் தேய்த்து முந்தின வாரமே எடுத்து வைத்திருந்தேன், கொடுக்கத்தான் கால் வரவில்லை. கையில் வைத்தேன். தப்பு பண்ணிட்டேன் மாஸ்டர் என்றேன். அவர் அதை ஒரு தடவை ஊதிப் பார்த்தார், உள்ளே இருந்து பேரன் ஓடி வந்தான். விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "டீ சாப்பிடுறியா?" என்றார்.

டீ வந்ததும் கேட்டார். "அடுத்து யாரு வராங்களாம்?"

"தெரியல மாஸ்டர். இன்னும் சொல்லல."

"எவன் வந்தாலும் சரி, மொதல்ல அந்த லெஃப்ட் பேக்க பாக்கச் சொல்லு" என்று ஆரம்பித்தவர், எட்டரை மணி வரை டிஃபன்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.