ஜெயில் கேள்வி-பதில்: உள்ள நடக்கறத யார் பார்க்கறது?

இந்த தடவை வந்த கடிதத்துல பாதி "எங்க பையன் எப்ப வெளிய வருவான்"னு ஒத்தை வரிதான். எத்தனை தடவை சொல்லிட்டேன், என்ன செக்‌ஷன், எந்த தேதில ரிமாண்ட், எந்த ஜெயில், சார்ஜ்ஷீட் போட்டாச்சா, வேற கேஸ் இருக்கா, இது இல்லாம எழுதுனா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. வேற மாதிரி வந்ததுல சிலது கீழ.

கே: தம்பி திருட்டு கேஸ்ல 15 மாசமா உள்ள இருக்கான், முதல் கேஸ். வக்கீல் வைக்க காசு இல்ல. என்ன வழி?

நீங்களும் செக்‌ஷன் எழுதல! சாதா திருட்டுன்னா அதிகபட்சம் 3 வருஷம், முதல் கேஸ்காரங்க அதுல மூணுல ஒரு பங்கு உள்ள இருந்தாலே ஜாமீன்ல விடணும்னு 2024 ஜூலைல வந்த புது குற்ற நடைமுறைச் சட்டத்தோட (பிஎன்எஸ்எஸ்) 479வது பிரிவு சொல்லுது, அப்படின்னா உங்க தம்பிக்கு அந்த கணக்கு மூணு மாசம் முன்னாடியே முடிஞ்சிருச்சு. வீட்டுக்குள்ள புகுந்து எடுத்ததுன்னா 7 வருஷம், அப்ப 28 மாசம் ஆகணும். ஆயுள் தண்டனை, தூக்கு வர்ற செக்‌ஷனுக்கு இது கிடையாது, இன்னொரு கேஸ் நிலுவைல இருந்தாலும் கிடையாது. 2024 ஜூலைக்கு முன்னாடி போட்ட கேஸுக்கும் இது பொருந்தும்னு சுப்ரீம் கோர்ட் அந்த வருஷம் ஆகஸ்ட்லயே சொல்லிருச்சு. நாள் முடிஞ்சா ஜெயில் சூப்பிரண்டே கோர்ட்டுக்கு எழுதணும், அது அவர் கடமை, ஆனா எழுதுவாருன்னு நம்பி உட்கார்ந்திருக்காதீங்க. காவல்ல இருக்கற யாருக்கும் வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல மனு குடுங்க, இல்ல 15100க்கு போன் பண்ணுங்க. மனுவுல தேதி போட்டு, நகல்ல சீல் வாங்கி வெச்சுக்கோங்க.

கே: வக்கீல் பார்க்க வரும்போது வார்டர் பக்கத்துலயே நிக்கலாமா?

கண்ணுக்கு தெரியற தூரத்துல நிக்கலாம், காதுக்கு எட்டற தூரத்துல நிக்கக் கூடாது.

கே: ரிமாண்ட்ல இருக்கறவங்க ஓட்டு போடலாமா?

முடியாது. தடுப்புக்காவல்ல இருக்கறவங்களுக்கு மட்டும் தபால் ஓட்டு உண்டு, குண்டாஸ் அதுல சேரும்.

கே: அண்ணனை ஜெயில்ல மனு போட்டு பார்க்க போனேன், கண்ணுக்கு கீழ வீங்கியிருக்கு, கேட்டா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிட்டு தலையை குனிஞ்சுக்கறான். ஜெயிலுக்குள்ள நடக்கறத வெளி ஆள் யாரும் வந்து பார்க்கவே மாட்டாங்களா?

பார்க்கணும். சட்டம் அப்படித்தான் சொல்லுது. ஒவ்வொரு ஜெயிலுக்கும் பார்வையாளர் குழுன்னு ஒண்ணு இருக்கணும், மாவட்ட நீதிபதி தலைமை, கலெக்டர், எஸ்பி மாதிரி அதிகாரிங்க ஒரு பக்கம், அரசு சம்பளம் வாங்காத அலுவல்சாரா பார்வையாளருங்க ஒரு பக்கம். 1894 சிறைச் சட்டத்துலயே பார்வையாளருக்கு இடம் இருக்கு, மாநிலங்களுக்கு முன்மாதிரியா மத்திய அரசு 2016ல குடுத்த சிறைக் கையேட்டுலயும் இருக்கு, போலீஸ் ஸ்டேஷன் லாக்கப்புக்கும் வெளி ஆளை பார்வையாளரா போடறத பத்தி யோசிங்கன்னு 2015ல, காவல்ல நடக்கற சித்திரவதை பத்தின டி.கே. பாசு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. இவ்வளவும் இருந்தும் உங்க அண்ணன் தலையை குனிஞ்சுக்கறான்.

ஏன்னு சொல்றேன், இது என் மனசுல ரொம்ப நாளா கிடக்கற விஷயம். பல வருஷம் முன்னாடி ஒரு ஜெயிலுக்கு இன்ஸ்பெக்‌ஷன் போன குழுவோட நானும் போனேன், எந்த ஊருன்னு வேணாம். ஒரு வாரம் முன்னாடியே தகவல் போயிருச்சு. உள்ள போனா சுண்ணாம்பு வாசனை, சுவர்ல சாஞ்ச இடத்துல என் சட்டைக் கை பூரா வெள்ளை, அடிச்சு ஒரு நாள்கூட ஆகல. சாம்பார்ல அன்னைக்கு முருங்கைக்காய் மிதந்துச்சு. கைதிங்களை வரிசையா உட்கார வெச்சு "ஏதாவது குறை இருக்கா"ன்னு கேட்டாங்க, கேட்டவருக்கு ரெண்டடி பின்னாடி ஜெயிலர். அம்பது அறுபது பேரு, ஒருத்தர் வாய் திறக்கல. கடைசில உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் எதுவும் பேசாம வேட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கி காமிச்சாரு, கெண்டைக்கால்ல வரி வரியா தடிப்பு. குழு அடுத்த பிளாக்குக்கு நகர்ந்துருச்சு. வெளிய வரும்போது பார்வையாளர் குறிப்பேட்டை நீட்டுனாங்க, முந்தின பக்கத்தை புரட்டினேன், மூணு வருஷமா வேற வேற கையெழுத்துல ஒரே வரி, "சுத்தமாக உள்ளது, குறைகள் இல்லை". எனக்கு அதுல எழுத அதிகாரம் இல்ல. அந்த கெண்டைக்காலை பத்தி யாரும் ஒரு எழுத்து எழுதல.

அதனால திரும்பத் திரும்ப கத்தறேன், சொல்லிட்டு போற இன்ஸ்பெக்‌ஷன் இன்ஸ்பெக்‌ஷனே இல்ல. இங்கிலாந்துல சிறைகளுக்குன்னு தனி தலைமை ஆய்வாளர் இருக்காரு, பெரும்பாலும் சொல்லாமதான் போறாங்க, ரிப்போர்ட்டை ஊருக்கே வெளியிடறாங்க. சித்திரவதைக்கு எதிரான ஐநா ஒப்பந்தத்துல இந்தியா 1997ல கையெழுத்து போட்டதோட சரி, இன்னும் உறுதி செய்யல, அதோட துணை ஒப்பந்தத்துல சேர்ந்தாதான் வெளி ஆய்வாளர் எப்ப வேணா உள்ள வர முடியும். அந்த 2016 கையேடு, பார்வையாளர் குழு மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும்னு சொல்லுது. அலுவல்சாரா இடத்தை காலியா போட்டா மிச்சம் இருக்கறது அதிகாரி அதிகாரியை பார்க்கறதுதான், உங்க அண்ணன் யாரை நம்பி வாய் திறப்பான்?

இப்ப நீங்க செய்ய வேண்டியது. கண்ணுக்கு கீழ வீக்கம்னு தேதி, நேரம் போட்டு இன்னைக்கே மாவட்ட நீதிபதிக்கு ஒரு பக்கத்துல எழுதுங்க, வெளி டாக்டர் பார்க்கணும்னு கேளுங்க. நகல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும், ரெண்டும் ஸ்பீட் போஸ்ட்ல, ரசீதை தொலைக்காதீங்க. சாதாரண லெட்டர் என்ன பண்ணும்னு நினைக்காதீங்க, திகார்ல தூக்கு தண்டனைல இருந்த சுனில் பாத்ரா, பக்கத்துல இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை பண்ணத லெட்டரா எழுதினாரு, அதையே ரிட் மனுவா எடுத்து 1979 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினாரு, நீதிபதிங்க ஜெயிலுக்கு நேர்ல போகணும், புகார் பெட்டி வைக்கணும்னு சொன்ன தீர்ப்பு அது. அப்புறம் ஆர்டிஐ போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கடைசி ரெண்டு வருஷத்துல பார்வையாளர் குழு கூடின தேதி, அலுவல்சாரா இடம் எத்தனை காலின்னு கேளுங்க. உயிர் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரத்துல பதில் தரணும்.

கே: தப்பு பண்ணவனுக்கு எதுக்கு சார் உரிமை, இதெல்லாம் நம்ம வரிப்பணம்.

இந்தியா ஜெயில்கள்ல இருக்கறவங்கள்ல நாலுல மூணு பேர் விசாரணைக் கைதி, அவங்க தப்பு பண்ணாங்கன்னு எந்த கோர்ட்டும் இன்னும் சொல்லல. தண்டனை கைதிக்கும் தண்டனை வெளிய விடாம வைக்கறதுதான், அடி உதை எந்த தீர்ப்புலயும் எழுதறதில்ல. எமர்ஜென்சில, மிசா சட்டத்துல ஆளை பிடிச்சு உள்ள போட்ட 1976ல, சென்னை மத்திய சிறையில வாங்கின அடி எப்படி இருந்துச்சுன்னு இஸ்மாயில் கமிஷன் விசாரிச்சுது, அங்க அடி வாங்கினவங்கள்ல சிட்டிபாபு மாதிரி எம்பியும் இருந்தாரு. யார் எப்ப உள்ள போவாங்கன்னு யாருக்கு தெரியும்?

கே: ஜாதி பார்த்து தனித்தனி பிளாக்ல அடைக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன், இப்பவும் நடக்குதா?

2024 அக்டோபர் 3ல பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா போட்ட கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இதை அடியோட ரத்து பண்ணிருச்சு, பாளையங்கோட்டை ஜெயிலும் அந்த தீர்ப்புல பேசப்பட்டுச்சு. பதிவேட்டுல ஜாதிக்குன்னு கட்டமே இருக்கக் கூடாது, ஜாதி பார்த்து கக்கூஸ் கழுவ விடறது சமையல் வேலை குடுக்கறது ரெண்டும் செல்லாது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் பார்வையாளர் குழுவும் சேர்ந்து போயி பார்க்கணும்னும் சொல்லிருக்கு. நடக்கறத கண்ணால பார்த்தவங்க, கேள்விப்பட்டேன்னு எழுதாதீங்க, எந்த பிளாக், எந்த தேதின்னு எழுதுங்க.

கே: சொந்தக்காரர் ஜெயில்ல இறந்துட்டாரு, மாரடைப்புன்னு சொல்லி கையெழுத்து கேக்கறாங்க.

படிக்காம எதுலயும் கையெழுத்து போடாதீங்க. ஜெயில் சாவுன்னா ஜுடிஷியல் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம், தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்துல தகவல் போகணும். போஸ்ட்மார்ட்டத்தை வீடியோ எடுக்கணும்னு எழுதிக் குடுங்க, உள்ள சேர்த்த அன்னைக்கு எழுதின காயக் குறிப்பும் மெடிக்கல் ரெக்கார்டும் கேளுங்க. 2020ல சாத்தான்குளம் அப்பா மகன் கேஸ்ல மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்கே நேர்ல போனதாலயும், ஒரு பெண் ஏட்டு பயத்தை விட்டு சாட்சி சொன்னதாலயும்தான் உண்மை வெளிய வந்துச்சு. அவசர அவசரமா எரிச்சுடாதீங்க, புதைங்க, பின்னாடி மறுபடி பார்க்கணும்னா உடம்பு வேணும்.

கே: அக்கா ரிமாண்ட்ல இருக்கா, நாலு வயசு குழந்தையை கூட வெச்சுக்கலாமா?

வெச்சுக்கலாம், 6 வயசு வரைக்கும். பாலும் தடுப்பூசியும் ஜெயில் பொறுப்பு, அதையும் அடுத்த மனு பார்க்கும்போது நேர்ல கேட்டுட்டு எழுதுங்க, செக்‌ஷனும் ரிமாண்ட் தேதியும் சேர்த்து.