அந்தக் காபியை ஏன் குடிக்கவில்லை?

கேள்வி: எங்கள் சபையிலிருந்து மாதம் ஒருமுறை உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கு வேனில் போய், எச்.ஐ.வி உள்ள குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு கொடுத்து ஜெபித்துவிட்டு வருகிறோம். கணவரை இழந்த ஒரு பெண், போன தடவை மகளிடம் காபி கொடுத்தனுப்பினார்; உபவாசம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டோம். இப்போது அவர் கதவையே திறப்பதில்லை. எங்கள் ஊழியத்தில் என்ன குறை?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: சகோதரி, அன்றைக்கு உண்மையிலேயே உபவாசமா? வேனில் போன அத்தனை பேருக்குமா? அப்படியே இருந்திருந்தாலும் அந்த வாசலில் அதை முறித்திருக்க வேண்டும் என்பேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போனால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். பங்காளிச் சண்டையில் செய்கிறதை நீங்கள் ஜெபம் பண்ணிவிட்டுச் செய்திருக்கிறீர்கள். தனித் தட்டு, தனித் தம்ளர், விசேஷ வீட்டுப் பந்தியில் பக்கத்து இலை காலி என்று எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. சொந்தக்காரர்கள்தான் ஒதுக்கினார்கள், வேதம் படிக்கிற இவர்களாவது குடிப்பார்கள் என்று நம்பித்தான் அந்தப் பெண் அடுப்பைப் பற்றவைத்திருப்பார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், தம்ளரை ஏந்தி நின்றது ஒரு பிள்ளை. அம்மா கையால் போட்டதை யாரும் தொட மாட்டார்கள் என்று அவள் உங்களிடம் படித்துக்கொண்டாள்.

தம்ளரில் எச்.ஐ.வி வராது. இரத்தம், ஊசி, உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளைக்கு, இவைதான் வழி. எச்.ஐ.வி-க்கான கூட்டு மருந்தை நாள் தவறாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றுவிட்டால் உடலுறவில்கூடப் பரவாது. 2004 முதல் அரசு அந்த மருந்தை இலவசமாகத் தருகிறது, நம்ம மதுரைப் பெரியாஸ்பத்திரியிலேயே அதைக் கொடுக்கிற ஏ.ஆர்.டி மையம் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்துதானே ஊழியத்துக்குப் போகிறீர்கள்? தம்மிடம் வந்த குஷ்டரோகியை இயேசு கை நீட்டித் தொட்டார் என்று எத்தனை தடவை வாசித்திருப்பீர்கள்!

அரிசி, பருப்பு விஷயம் அப்புறம். முதலில் அந்த வேனை வாசலில் நிறுத்துவதை விடுங்கள். ஒருவருடைய எச்.ஐ.வி நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் வேன் வாய் திறக்காமலே தெரு முழுக்கச் சொல்லிவிடும்.

அடுத்த முறை பஸ்ஸில் தனியாகப் போங்கள், பிள்ளைக்குக் கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு, அத்தை வீட்டுக்கு வருவது மாதிரி. கதவு திறந்தால், உபவாசம் என்று பயத்தில்தான் சொன்னோம் என்பதை அந்தச் சிறுமி காதிலும் விழும்படி ஒப்புக்கொள்ளுங்கள். காபி கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள். கொடுக்கவில்லையா, ஒரு தம்ளர் தண்ணீராவது அந்தப் பிள்ளையிடம் நீங்களே கேட்டு வாங்கிக் குடியுங்கள்.